கனகசபாபதி தெரு

மன்னார்புரத்தில் உச்சி வெயில். ‘கனகசபாபதி தெரு’ என்ற பழைய பலகையின் கடைசித் திருகாணியை ஏணிமேல் நின்று கழற்றுகிறான் மாநகராட்சி ஊழியன் நவநீதன். ‘ஐந்தாம் குறுக்குத் தெரு’ என்ற புதுப் பலகை சுவரில் சாய்ந்திருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருக்கும் பிரேமலதா ஓடிவந்து ஏணியைப் பிடித்து உலுக்குகிறாள்.

“கழட்டாதீங்க!”

“விழுந்துடுவேம்மா, விடுங்க! யாருங்க இவரு, பழைய கவுன்சிலரா?”

“எங்க தாத்தா. நாடகத்துல பாடுனவரு. ஜப்பான் சண்டைக் காலத்துல ரங்கூன்லேருந்து வந்த கப்பல் முழுகி, அதுல போயிட்டாரு. பேப்பர்ல செத்தவங்க பட்டியல்ல அவரு பேரைத்தான் மொதல்ல போட்டாங்க.”

நவநீதன் திருப்புளியை நிறுத்துகிறான். “அவ்வளவு பெரிய ஆளா? அவரு பாட்டு ஒண்ணு பாடுங்க, கேப்போம்.”

பிரேமலதா வாயைத் திறக்கிறாள். எதிர்ப்புற லேத் பட்டறையின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. நவநீதன் குனிந்து அவள் முகத்தையே பார்க்கிறான். அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது.