இடது கார்னர்

"அந்த சிவசங்கரை இன்னாத்துக்குடி இன்னும் டீம்ல வெச்சிகினு கீறானுங்க?"

படகு கரையை விட்டு நகர்வதற்குள் ஜமுனா ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் ஆட்டத்தில் சென்னை கபடி டீம் ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றிருந்தது. இடது கார்னரில் நிற்கும் சிவசங்கர், கடைசி ரைடில் பிடித்த கணுக்காலை நழுவ விட்டுவிட்டான். சொந்த வீட்டில் களவு போன மாதிரி ஜமுனாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

"முப்பத்தாறு வயசுல பிடி நிக்குமா? ஏலத்துக்கு முன்னாடியே கழட்டி வுட்டிருக்கணும். பாசம் பாத்தா கப்பு வருமா?"

பக்கத்தில் இருந்த கோமளா வழக்கம்போல அவனுக்கு வக்காலத்து வாங்கினாள்.

"புடிக்கிறதுக்கு ஆறு பேரு கீறாங்கக்கா. ரைடர் எந்தப் பக்கம் பாய்வான்னு முன்னாடியே தெரிஞ்சி சொல்றவன் அவன் ஒருத்தன்தான். அவன் கண்ணைக் காட்டலன்னா மத்தவன்லாம் சும்மா நிக்க வேண்டியதுதான்."

"கண்ணைக் காட்டுறது கோச்சு வேலை. வெளிய குந்திகினு காட்டட்டும். உள்ள நின்னா புடிக்கணும்."

படகில் சிரிப்பு. இரண்டு வாரமாகத் தினமும் இதே வழக்குதான்.

ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் ஆறு பெண்களின் செட் அது. ஜமுனா வைத்ததுதான் சட்டம். தண்ணீரில் காலை வைத்ததுமே, இறால் எந்தச் சேற்றில் அடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்ன இடத்தில் எல்லோரும் இறங்குவார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றில் பனையோலைப் பறி பின்னால் மிதந்து வரும். சேற்றில் கையை விட்டுத் தடவிப் பிடித்து, பறியில் போட்டுக்கொண்டே நகர வேண்டும்.

அன்று கரையில் பறிகளைக் கவிழ்த்தபோது ஐந்து பேருடையது நிறைந்திருந்தது. கோமளாவுடையது பாதிதான். மாதக்கணக்காகவே அப்படித்தான்.

"எப்பப் பாத்தாலும் என் முதுகாண்டியே ஒட்டிகினு வந்தா எப்டிடி ரொம்பும்?" என்றாள் ஜமுனா. "தள்ளிப் போய்த் தேடேன்."

கோமளா சிரித்துக்கொண்டே சேலையைப் பிழிந்தாள்.

இதற்குத்தான் காத்திருந்தது போல, செட்டில் இன்னொருத்தியான லட்சுமி மெல்லக் கிட்டே வந்தாள். "எங்க வூட்டு மருமவ திவ்யா நல்லாப் புடிப்பாக்கா. செட்டுல சேத்துக்கயேன்."

ஆறு பேருக்கு மேல் ஏற்றினால் படகு தாங்காது. ஒருத்தி வந்தால் ஒருத்தி நிற்க வேண்டும். கோமளாவின் புருஷன் முதுகு ஒடிந்து வீட்டோடு கிடக்கிறான், இந்தப் பிழைப்பை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அது ஜமுனாவுக்கும் தெரியும். ஆனால் சென்னை டீமுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா?

"கோமளா, நாளையிலருந்து திவ்யா வரட்டும்."

கோமளா கொஞ்ச நேரம் ஜமுனாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மார்கழித் தண்ணிக்கா. கையைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் ஜமுனா காட்டிய இடத்தில் இறால் கொழித்தது. திவ்யா தள்ளிப் போய்த் தேடினாள். முதல் நாளே அவள் பறி நிறைந்து வழிந்தது.

ஜமுனா தன் பறியைத் தூக்கினாள். கை வெடுக்கென்று மேலே வந்தது. கனமே இல்லை.

ஓட்டை விழுந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை எதுவும் இல்லை. அடியில் பத்துப் பன்னிரண்டு இறால் கிடந்தது, அவ்வளவுதான்.

"இன்னாக்கா, கையில ரத்தம்?" என்றாள் திவ்யா.

இறாலின் கொம்பு குத்தி இரண்டு விரல்நுனி கிழிந்திருந்தது. ஜமுனாவுக்கு அது உறைக்கவே இல்லை. போன குளிருக்கு மரத்த விரல்கள். அதன் பிறகு வெயில் காலமும் வந்து போனது, விரலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. பறிதான் தினமும் நிறைகிறதே என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தினமும் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவள் யார் என்று நினைத்ததும் ஜமுனா பறியை அப்படியே கீழே போட்டாள்.

ஈரச் சேலையோடு நேரே கோமளா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எத்தினி நாளாடி?"

"இன்னாது?"

"உன் எறாவை என் பறியில போட்டது."

கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். "போன தையிலருந்து."

"லூசாடி நீ? வூட்ல புருஷன் படுத்துகினு கீறான், பாதிப் பறி எறாவை எனக்குத் தூக்கிப் போட்டுகினு வந்திருக்கே! நாளைக்கு நீ படகுல ஏறு. நான் நின்னுக்கிறேன்."

"நீ நின்னுட்டா? எந்தச் சேத்துல எறா கீதுன்னு எங்களுக்கு யாரு சொல்லுவா? லட்சுமியும் மருமவளும் ஒரே வூடுதானே, மாத்தி மாத்தி வரட்டும்."

ஜமுனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து உன்னை வெளிய தள்ளினேனே, அப்பகூட ஒரு வார்த்தை சொல்லலியேடி."

"சொன்னேனேக்கா, ரெண்டு வாரமாத் தினமும் படகுல சொல்லிகினுதானே வந்தேன்" என்றாள் கோமளா. "நீதான் அது சிவசங்கரைப் பத்தின்னு நெனச்சிகினே."