காமிக்ஸில் தப்பித்தவள்

பாதாள அறையில் இருந்தவர்கள்: தளபதி கோளரி, சமையற்காரி செங்கமலம், காவலாளியாகிய நான். எங்கள் வீடியோ கேமை ஆடுபவன் கடைசிக் கட்டத்தை முடித்துவிட்டுப் போனதிலிருந்து இங்கேயே நிற்கிறோம். அவன் காசு கொடுத்துக் கூடுதல் பாகத்தை வாங்கினால்தான் கதவு திறக்கும்.

செங்கமலத்துக்கு அந்தக் கவலை இல்லை. அவள் மகள் வஞ்சி கேமில் கிடையாது. இதே கதையின் காமிக்ஸில் மட்டும் வருகிறாள். இரண்டிலும் வருபவர் தளபதி. செங்கமலம் தினமும் அவரைத் துளைப்பாள்.

“எம்பொண்ணு நெசமாவே தப்பிச்சுட்டாளாய்யா?”

“எத்தனை தடவைம்மா சொல்றது? கோட்டையைத் தாண்டி படகுல ஏறிட்டா. கடைசிப் பக்கமே அதுதான்.”

“படகுல சோறு இருந்துச்சா?”

“அதையெல்லாம் வரையல தாயே.”

ஒருநாள் அவன் கூடுதல் பாகத்தை வாங்கிவிட்டான். சுவர் அதிர்ந்து கதவு திறந்தது. தளபதி வாளோடு எழுந்தார். வாசலில் வஞ்சி நின்றாள், உடம்பெல்லாம் ஆற்றுத் தண்ணீர். கூடுதல் பாகத்தில் அவளையும் சேர்த்திருந்தார்கள்.

“அம்மா, உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“வராதடி! படகுக்கே ஓடிப் போயிரு!”

அவள் உள்ளே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அதில் காவலாளியான எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.