முப்பதுக்கு எத்தனை?

தன் மகள் மபாஸாவுக்கு விலையே இல்லை என்று அடித்துச் சொன்ன கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரி அசன்குத்தூஸ், அடுத்த மூச்சிலேயே, "ஆனா இருபத்தஞ்சு புள்ளிக் கோடு ஒண்டு இருக்கு, மகன்" என்றார்.

பெண் கேட்டு வந்த ஸுஹைப் நிமிர்ந்து உட்கார்ந்தான். பேஸ்புக், டிக்டொக் பைத்தியத்தை அளக்கும் ஆறு கேள்விகளாம். பைத்தியம் முற்றியவருக்கு முப்பது.

"போன் கையில இல்லாட்டி மனசு பதறுமா?"

"சீச்சீ, இல்ல மாமா." சட்டைப்பையில் துடித்த போனை முழங்கையால் அமுக்கிக்கொண்டான்.

"கவலை வந்தா அதுக்குள்ள போய் ஒளியிறதா?"

"நான் குர்ஆன் ஓதுவன், மாமா."

"ராவெல்லாம் முழிச்சிருந்து பார்க்கிறதா?"

"இஷா தொழுதா உடனே உறக்கம்."

ஆறும் முடிந்தன.

"பூச்சியம்," என்றார்.

ஸுஹைப் மனதுக்குள் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தான்.

"அப்ப சரிவராது மகன். நம்ம கருவாடு இப்ப பேஸ்புக்லதான் போகுது. இத்தாலியில இருக்கிற சிலாபத்து ஆக்கள் நடுச்சாமத்துலதான் விலை கேக்கிறாங்க. போனும் கையுமா முழிச்சிருக்கிற மருமகன்தான் நமக்கு வேணும்."

ஸுஹைப் போனை உருவினான். "மாமா, நான் முழுசா முப்பது! உங்களுக்குப் பயந்து குறைச்சுக் கதைச்சிட்டன்!"

அசன்குத்தூஸ் தாடியைத் தடவினார்.

"முப்பதுல பொய்க்குப் பத்துக் கழிவு. மிச்சம் இருபது. இருபத்தஞ்சுக்கு இன்னும் அஞ்சு புள்ளி கடன், மருமகன்."