பத்தாவது தட்டு

"இது தாவரவியல் ஆய்வகமா, காய்கறிச் சந்தையா?"

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதில் நியாயம் இருந்தது. செய்முறைத் தேர்வு தொடங்க அரை மணி நேரம்தான் பாக்கி. மேஜையில் ஒன்பது தட்டுகள். இஞ்சி, கேரட், வெங்காயம், புதினா, வாழை இலைத் துண்டு, செம்பருத்திப் பூ. மிச்சமும் இதே கதைதான்.

லேப் அக்கா பதறவில்லை. மாணவர்கள் முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த மேஜையை அடுக்குகிறவள்.

"வேர், தண்டு, இலை, பூ எல்லாம் இருக்கு சார். ஒருவித்திலை, இருவித்திலை ரெண்டும் இருக்கு. பத்தாவது தட்டு வழக்கம்போல உங்க விருப்பம்."

"நல்லவேளை, அதையாவது விட்டு வெச்சீங்களே!" அவர் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "அந்தக் குடுவைச் செடி ஜாடியை எடுத்து வைங்க. பூச்சி பிடிக்கிற இலை. கொஞ்சம் திணறட்டும்."

"வேண்டாம் சார்."

இருபது வருடத் தேர்வாளர் வாழ்க்கையில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. அவர் வருகிறார் என்றாலே பல கல்லூரிகளில் பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் படிப்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஏன்? தூசி தட்டணுமேன்னு கஷ்டமா இருக்கா?"

"மூடியை சீல் வெச்சிருக்கு சார். தொட முடியாது."

"தொடுவானேன்? பார்த்தாப் போதாதா?"

"பார்த்தாப் போதும்னா படமே போதுமே சார். செடி எதுக்கு?"

வருகிற வழியில் கடையில் ஒரு பை காய் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிட்டாள், வாய் மட்டும் காது வரைக்கும் என்று மனதுக்குள் கறுவினார் அவர்.

"உங்களுக்குக் கஷ்டமான ஒண்ணு வேணும். அவ்வளவுதானே?" லேப் அக்கா ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள். "கடையில கொத்தமல்லி விதைன்னு விக்கிறாங்களே, அது. மொத்த வகுப்பும் கவுந்துடும், பாருங்க."

அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கடையில்தான் அது விதை. பாடத்தில் அது கனி, இரண்டாகப் பிளக்கும் காய்ந்த கனி. மாணவராக இருந்தபோது அவரே கோட்டை விட்ட இடம்.

"சரி, வைங்க," என்றார்.

தேர்வு தொடங்கியது. ஆளுக்குப் பத்து நிமிடம். எடுத்துப் பார்த்து, செடியின் எந்தப் பாகம், எந்த வகை, ஏன் என்று வாயால் சொல்ல வேண்டும். தட்டுக்கு இரண்டு மதிப்பெண்.

ஏழு பேர் வந்து போனார்கள். ஏழு பேரும் பத்தாவது தட்டில் "விதை" என்றார்கள். தேர்வாளர் உற்சாகமாகச் சுழி போட்டுத் தள்ளினார்.

எட்டாவதாக வந்த பெண் வாசலிலேயே வெள்ளைக் கோலை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மேஜையின் விளிம்பைத் தொட்டு, முதல் தட்டுக்கு வந்தாள்.

தேர்வாளரின் கண் அலமாரியில் இருந்த சீல் வைத்த ஜாடிக்குப் போனது. திரும்பி லேப் அக்காவைப் பார்த்தார். அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சி சார்." நகத்தால் வருடிப் பார்த்தாள். "கணு இருக்கு. கணுவுல செதில் இருக்கு. மண்ணுக்குள்ள இருந்தாலும் இது வேர் இல்லை, தண்டு."

புதினாக் காம்பை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். "வழுக்கி உருளலை சார். நாலு பட்டை. இலையெல்லாம் எதிரெதிரா இருக்கு."

வாழை இலையைக் கிழித்தாள். "நேரா கிழியுது. நரம்பெல்லாம் இணையா ஓடுது. ஒருவித்திலை."

செம்பருத்தியில் அவள் விரல்கள் இதழ்களை எண்ணின. "அஞ்சு. மகரந்தத் தாளெல்லாம் சேர்ந்து ஒரே குழாயா இருக்கு. இருவித்திலை."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் பாடத்தை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது அவருக்கு.

ஒன்பதும் சரி. பத்தாவது தட்டில் ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்தாள்.

"கொத்தமல்லி. விதை சார்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் நிமிர்ந்தாள். "முன்னாடி வந்தவங்களுக்கும் இன்னொரு தடவை கொடுத்தீங்களா சார்?"

"இல்லைம்மா."

"அப்போ என் பதில் விதைதான்."

அவள் போன பிறகும் அவர் பேனா மதிப்பெண் கட்டத்தின் மேலேயே நின்றது. இருபது போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு பெருமூச்சு விட்டார். ஏழு பேருக்குப் போட்ட அதே சுழியைப் போட்டார். மொத்தம் பதினெட்டு.

மாலையில் தாள்களை உறையில் போட வந்த லேப் அக்கா எட்டாவது வரியில் விரலை வைத்து நின்றாள். தேர்வாளருக்குக் குற்றம் செய்தவர்போல் ஆகிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அந்தப் பொண்ணுக்காகத்தான் இந்த மேஜையை அடுக்கினீங்கன்னு புரிஞ்சுது. ஆனாலும் ரெண்டு மார்க்கை வெட்ட வேண்டியதாப் போச்சு."

லேப் அக்கா இரண்டு கையையும் கூப்பினாள்.

"ரொம்ப நன்றி சார். போன வருஷம் வந்தவர் இவகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்காம இருபதுக்கு இருபது போட்டு அனுப்பிட்டார். அன்னிக்கு அவ அழுத அழுகையை நான் இன்னும் மறக்கலை."