பனியன் பாடம்

கல்லூரியில் பனியன் தையல் கட்டாயப் பாடமாகிவிட்டது. ஒரு பனியனாவது தைத்துக் காட்டாதவர்களுக்குப் பட்டம் கிடையாது. எம்.காம். மாணவர்கள் முகம் சுளித்துக்கொண்டே தைத்தார்கள். பாண்டித்துரை மட்டும் மிஷின் பக்கமே போகவில்லை.

“கலெக்டர் சார், கை அழுக்காயிருமுங்களா?” என்றான் பக்கத்து மிஷினில் இருந்த பரணி. வகுப்பே சிரித்தது.

ஆசிரியர் சிவசுப்பிரமணியம் பாண்டித்துரை அருகே வந்தார். “ஏனுங்க தம்பி, திருப்பூர்ல இருந்துட்டு மிஷின்ல உக்கார்றது கேவலமுங்களா? இன்னைக்குத்தான் கடைசி நாள். பட்டம் வேணுமா, வேண்டாமா?”

“வேணும் சார்.”

“அப்ப உக்காருங்க.”

பாண்டித்துரை ஸ்டூலை இழுத்தான். உட்கார முடியவில்லை.

“என் வீட்டுக்காரி பனியன் கம்பெனியில தைச்சுத்தான் சார் என்னைப் படிக்க வச்சா.”

அவனுக்குக் கல்யாணமானதே அங்கே யாருக்கும் தெரியாது.

“போன லீவுல ஆஸ்பத்திரியில ரெண்டு சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினா. எப்படியாவது பட்டம் வாங்கிரணும்னு ஒண்ணு. நான் பட்டது போதும், நீ எந்தக் காலத்துலயும் மிஷின்ல உக்காரக் கூடாதுன்னு இன்னொண்ணு.”

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“எதை மீறட்டும், நீங்களே சொல்லுங்க சார்.”