மூடிக்குள் மஞ்சள்

நீலக் காருக்குப் பெட்ரோல் போட மூடியைத் திறந்தபோது உள்விளிம்பில் மஞ்சள் தெரிந்தது. கதிரேசன் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நேராக, விற்ற ரெஜினாவின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான்.

“அடிபட்ட வண்டிக்குப் பெயின்ட் அடிச்சு வித்துட்டீங்களேக்கா. எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க.”

“அடியெல்லாம் படல தம்பி. எங்க வீட்டுக்காரர் தவறின பிறகும் வண்டி மஞ்சளா வாசல்ல நின்னுச்சு. இப்ப ஹாரன் அடிப்பார், இப்ப அடிப்பார்னு இருந்தேன். அதான் கலரை மாத்தினேன்.” சாவிக்குக் கை நீட்டியவள் தயங்கினாள். “மஞ்சள் எங்க தெரிஞ்சுது?”

அவன் மூடியைத் திறந்துவிட்டு விலகி நின்றான். அவள் குனிந்து அந்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவன் சத்தமில்லாமல் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“இதையும் பெயின்ட் அடிச்சு மூடிடாதீங்க தம்பி,” என்றாள், நிமிராமலேயே.