நாட்டின் நலன் கருதி

தகவல் அறியும் உரிமை மக்களாட்சியின் உயிர்மூச்சு.

அந்த உயிர்மூச்சு இப்போது கோமுவின் அடுப்படி வாசலில், கட்டம் போட்ட கைலியோடு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தது.

"மனு போட்டு முப்பது நாள் முடிஞ்சாச்சு கோமு. இனி மேல்முறையீடுதான் போடணும்."

"போடுங்க. முதல்ல துருவினதை மிக்ஸியில போடுங்க."

போட்டார்.

அவள் நகராட்சியில் மேலாளர். ஆகவே பொதுத் தகவல் அலுவலரும் அவளே. அவள் கணவர் செண்பகராமன் அதே நகராட்சியில் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே மனுதாரர்.

வீடு வேறு, அலுவலகம் வேறு என்பது அவர் கொள்கை. மனுவை அவள் கையில் கொடுக்கவில்லை. கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அவள் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அதற்கான ஒப்புகை அட்டை வீட்டுக்கு வந்தபோது அவர் மீன் வாங்கப் போயிருந்தார்.

அதையும் அவளே வாங்கி வைத்தாள்.

கேள்வி ஒன்றுதான். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு இருந்த பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தீர்களே, பழையதில் நீங்கள் கண்ட குறைகள் யாவை?

பழையதை எழுதியவர் அவர்.

யாரும் எழுதச் சொல்லவில்லை. தபால் வழியில் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினார். அதற்குப் பிறகு ஊரில் பிறந்த பிள்ளைகளெல்லாம் அதன் வழியாகத்தான் பிறந்தார்கள். 'ழ' வந்தால் மட்டும் அந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டி விழும். யாழினிகளையும் எழிலரசன்களையும் பேனாவால் திருத்திக் கொடுத்தார்கள்.

மற்றபடி குறை சொல்ல முடியாது.

பதில் வரவில்லை. வராதது அவருக்கு ஒத்துக்கொண்டது.

ஓய்வுக்குப் பிறகு வாரம் ஒருமுறை சவரம் செய்தவர் தினமும் செய்யத் தொடங்கினார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

"மடியில கனமில்லாதவன் இதுக்குள்ள பதில் சொல்லியிருப்பான் அண்ணாச்சி."

"பெரிய கம்பெனிக்காரன் உம்ம சரக்கைப் பாத்து மிரண்டிருப்பான் வேய்" என்றார் இருதயராஜ் அண்ணாச்சி, ஓசி வடையைக் கடித்துக்கொண்டே.

டீக்கடைப் பேச்சில் முதலில் அந்த மென்பொருள் நகராட்சிக்குப் போதுமானதாக இருந்தது. தாமதம் ஆக ஆக மாவட்டத்துக்கே போதுமானதாயிற்று. போன வாரம் அவள் பால் வாங்கப் போனபோது, அதை டெல்லியில் கேட்டிருந்தார்கள்.

அவள் பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தாள்.

அவளிடம் இருந்த ஆவணம் ஒரே ஒரு பக்கம். சென்னையில் இருந்து வந்த படிவம். 'தற்போது பயன்பாட்டில் உள்ள மென்பொருள்' என்ற வரிக்கு எதிரே, 'இல்லை' என்ற இடத்தில் டிக். அதை நம்பித்தான் புதியதை இறக்கினார்கள்.

குறை ஏதும் காணப்படவில்லை.

மென்பொருளே காணப்படவில்லை.

மேல்முறையீடு போனால் ஆணையர் விசாரணை வைப்பார். இந்தப் பக்கத்தை எல்லார் முன்னாலும் உரக்க வாசிப்பார். செண்பகராமன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் அவரிடம் வேலை பழகியவர்கள் இருப்பார்கள்.

தேங்காய்ச் சட்னியோடு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனவள், நேராகச் சட்டப் புத்தகத்தை விரித்தாள். எட்டாம் பிரிவு. எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று அங்கே இருக்கிறது. முதல் உட்பிரிவிலேயே கண் நின்றுவிட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு அவளே டைப் அடித்தாள்.

'நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு நேரக்கூடும் என்பதால், மனுதாரர் கோரும் தகவலை வழங்க இயலாது.'

முத்திரையை அழுத்திக் குத்தினாள். பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

சனிக்கிழமை கவர் வந்தது. அவர் நின்றுகொண்டே பிரித்தார். படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"கோமு, இது ஆபீஸ் விஷயம். ஒன்ட்ட கேக்கக் கூடாது."

"கேக்காதீங்க."

"நாட்டோட பாதுகாப்புன்னு போட்டிருக்கு."

"ஓஹோ."

"மேல்முறையீடு பண்ணலாம்னு கீழ போட்டிருக்கு."

அவள் கையில் கரண்டி நின்றது. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அவர் கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேண்டாம். நாட்டுக்குன்னு வந்த பிறகு நாம வழக்காடக் கூடாது."

சாயங்காலம் லேமினேஷன் போட்டு எடுத்து வந்தார். டீக்கடையில் அதை யாரும் கேட்காமலே காட்டினார். கேட்டவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "இதுக்கு மேல கேக்காதீங்க அண்ணாச்சி" என்றார்.

இருதயராஜ் அண்ணாச்சி அன்றைக்கு வடைக்கு அவரே காசு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். கோணலாக இருந்தது. அவள் ஸ்டூலில் ஏறி நேராக்கினாள். அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க ஆபீஸ்ல யாரோ விவரம் தெரிஞ்ச ஆள் இருக்கான் கோமு" என்றார்.

அவள் ஸ்டூலில் இருந்து இறங்கினாள்.

சென்னையில் இருந்து வந்த அந்தப் படிவத்தில் 'ஆம்' என்றால் பதினாறு பக்க இணைப்பு ஒன்றை நிரப்ப வேண்டும். 'இல்லை' என்றால் கையெழுத்துப் போட்டால் போதும்.

டிக் அடித்தது அவள்தான். அன்று அவளுக்கு அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.